ஒரே குழாய்க்கு இரு காவல்கள்

1992ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகரில் கழிவுநீர்ச் சுரங்கங்கள் அடுத்தடுத்து வெடித்து 200க்கும் மேற்பட்டோர் பலியாகினர். நிலத்தடிப் பெற்றோல் குழாய்க்கு மிக அருகே பின்னாளில் பதிக்கப்பட்ட நாகம் பூசிய நீர்க்குழாயும் ஈரமண்ணும் சேர்ந்து தோற்றுவித்த மின்வேதி அரிப்பே உருக்கைத் துளைத்ததெனக் கூறப்பட்டது. நீர்க்குழாய் பதித்தவர்கள் தமது வேலையையே செய்தனர். அருகில் இருந்த குழாய் அவர்களது பொறுப்பன்று.

இத்தகைய முரண்பாடு இன்றும் எண்ணெய், எரிவாயுக் குழாய்வழிகளில் சத்தமின்றி நிலவுகின்றது. அங்கே ஒன்றையொன்று குலைக்கும் இரண்டுமே பாதுகாப்பு ஏற்பாடுகள் என்பதுதான் விசித்திரம்.

புதைந்த உருக்கு துருப்பிடிக்காதிருக்க, மண்ணினூடாக அதற்குச் சிறிதளவு நேரோட்ட மின்னைத் தொடர்ந்து செலுத்துவதே கதோட்டுப் பாதுகாப்பு. செப்பு-செப்புச்சல்பேற்று மின்வாயைச் சார்ந்து மறை 0.85 வோல்ற்று என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். 1824இல் ஹம்ப்ரி டேவி பிரித்தானியப் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இதே தத்துவத்தைக் கையாண்டார். செம்பு கரையாது நின்றது. ஆனால் கடலுயிரிகள் அதில் அப்பிக்கொள்ள, கப்பல்கள் வேகங்குன்றின. ஒரு காவல் இன்னொன்றைக் கெடுப்பது அன்றே ஆரம்பித்த கதை போலும்.

குழாயின் வால்வை இயக்கும் மின்மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் உலோகக் கூட்டுக்குப் புவித்தொடுப்பு இன்றியமையாதது. இல்லையேல் மின்கசிவின்போது அதனைத் தொடும் தொழிலாளி மாண்டுபோகக்கூடும். ஆனால் கூடு வால்வுடனும், வால்வு குழாயுடனும் உலோகத்தால் இணைந்தவை. எனவே புவித்தொடுப்புக் கம்பி குழாயை நிலையத்தின் செப்பு வலையுடன் பிணைத்துவிடுகின்றது. குழாய்ப்பூச்சின் சிறு வடுக்களுக்கெனச் செலுத்தப்பட்ட மின், பரந்த வெற்றுச் செம்பை நாடிச் செல்கின்றது. செலுத்துமின் நின்றுபோனாலோ, செம்புடன் இணைந்த உருக்கே அரிபடுகின்றது.

அளவீடு குறைந்ததைக் காணும் உத்தியோகத்தர் அக்கம்பியைக் கழற்றிவிட்டால் எண்கள் உடனே சீராகும், மோட்டாரோ மரணப்பொறியாகும். இதனை எந்நிலையிலும் ஏற்பதற்கில்லை. நேரோட்டத்தைத் தடுத்து, பழுதின்போது பாயும் ஆடலோட்ட மின்னை நிலத்துக்குக் கடத்தும் கருவிகள் சந்தையில் உண்டு. அமெரிக்காவின் தேசிய மின்விதிக்கோவை 250.6ஆம் பிரிவில் இதற்கு இடமளிக்கின்றது. கருவி இத்தேவைக்கெனச் சான்றளிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அந்நாட்டின் எரிவாயுக் குழாய்வழி விதிகளின் 192.467ஆம் பிரிவோ, குழாயை ஏனைய நிலத்தடி உலோகங்களிலிருந்து மின்வழியாகப் பிரித்துவைக்குமாறு, அன்றேல் அனைத்தையும் ஒரே தொகுதியாகப் பாதுகாக்குமாறு கோருகின்றது.

ஆகவே குறைபாடு தொழில்நுட்பத்திலோ சட்டத்திலோ அன்று. கருவி பொருத்தப்பட்டுப் பல ஆண்டுகளின் பின்னர், புதிய அளவுமானியொன்றைப் பூட்ட வரும் ஒப்பந்தக்காரர் தொடுத்துவிடும் ஒரேயொரு கேபிளின் உலோக உறை அதனைப் பயனற்றதாக்கிவிடும். அவர் விதிப்படியே செய்திருப்பார். மின்னதிர்ச்சி கணத்தில் தெரிந்துவிடும். அரிப்போ வெளிப்பட ஆண்டுகள் எடுக்கும். மின்பிரிவின் வரைபடத்தில் அரிப்புத்தடுப்புப் பிரிவும் ஒப்பமிடாமல் எந்தவொரு புவித்தொடுப்பையும் அனுமதிக்கலாகாது என்பதே எமது நிலைப்பாடு. செலவற்ற இந்த ஏற்பாட்டுக்குக்கூட நிர்வாகங்கள் தயங்குவது விளங்கவில்லை.

குவாதலஹாராவில் வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னரே பெற்றோல் வாடை வீசுவதாகக் குடியிருப்பாளர்கள் முறையிட்டிருந்தனர். அவர்கள் வெளியேற்றப்படவில்லை.