ஆளை எண்ணுகிறார்கள், தூரத்தை யார் எண்ணுவது?

வருவாய்த் துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு கையெழுத்துக்காக இரண்டு பஸ் மாறி வந்து, "ஐயா இன்னைக்கு லீவு" என்ற பதிலோடு திரும்பிப் போன கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அந்த மாநிலத்தின் தொகுதி வரைபடம் என்னை உறுத்தியது.

மாநிலத்துக்கு மூன்றே தொகுதிகள். ஒமாஹாவும் லிங்கனும் சுற்றுவட்டாரமும் இரண்டு. மீதியெல்லாம் மூன்றாவது. பரப்பு 1 லட்சத்து 60 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் தமிழ்நாடே 1 லட்சத்து 30 ஆயிரம்தான்! கிழக்கே சோளக்காடு, வடக்கே மாடு மேயும் மணல்மேடு, மேற்கே ஸ்காட்ஸ்பிளஃப். நார்த் பிளாட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். இத்தனைக்கும் ஒரே உறுப்பினர்.

மருமகன் சிரித்தார். "மாமா, ஓட்டு மனுஷனுக்கா, மாட்டுக்கா?"

மனுஷனுக்குத்தான். தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. அதோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை 435 என்ற பூட்டோடு. 1913 முதல் பிரதிநிதிகள் சபையில் அதே எண்தான். 1929-ல் சட்டம் போட்டு அதை நிலைநிறுத்தியும் விட்டார்கள். 1910 கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர். இன்று 7 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு ஒருவர். நெப்ராஸ்காவில் அன்று 12 லட்சம் பேர், 6 உறுப்பினர்கள். இன்று 19 லட்சத்துக்கும் மேல், ஆனால் 3 பேர். ஜனம் கூடியிருக்கிறது, குரல் பாதியாகிவிட்டது!

சபையில் இடம் போதாது என்பார்கள். ஏறக்குறைய 7 கோடிப் பேர் உள்ள பிரிட்டனில் 650 பேர் உட்காரவில்லையா? 33 கோடிப் பேருக்கு 435 போதும் என்பது சோம்பேறித்தனம், அல்லது இருப்பவர்கள் தங்கள் நாற்காலியைப் பங்கு போட விரும்பாத சுயநலம். பூட்டு திறந்தால் மணல்மேட்டு மாட்டுக்காரருக்கு ஒருவர், பிளாட் ஆற்றுச் சோள விவசாயிக்கு ஒருவர் என்று கிடைக்கும். சமத்துவமும் கெடாது, தூரமும் குறையும்.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கைக் காட்டித்தான் நம் மக்களவை இடங்கள் 1967-ல் 41-லிருந்து 39 ஆயின. தொகுதி மறுவரையறைப் பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை தலை என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தக் கிழவி எத்தனை பஸ் மாற வேண்டும் என்றும் நாம்தான் கேட்க வேண்டும்.