தோள்வலிக்கு ஈடு தருவது யார்?

தடுப்பூசி வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. அம்மை குத்தி அம்மையை உலகை விட்டே ஓட்டினோம். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பறைசாற்றிற்று. அந்த நன்மையை மறப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும், ஊரெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு நலமாய்த் திரும்ப, ஒருவர் மட்டும் கையைத் தூக்க மாட்டாமல் திரும்பினால், அவருக்கு ஊர் பட்ட கடன் என்ன? அதைத்தான் கேட்கிறேன்.

ஊசி மேல்கையின் தசையில் இறங்க வேண்டும். கை தவறிச் சற்று மேலே போட்டுவிட்டால், மருந்து தோள்மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் இறங்கி அழற்சி உண்டாக்கும். இரண்டு நாளுக்குள் வலி தொடங்கும். சட்டைக்குள் கை நுழைப்பதே பெரும்பாடாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். மருத்துவர்கள் இதனைச் 'சிர்வா' என்கின்றனர். (நண்பர்களே, ஊசி போடும்போது சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டாதீர்கள், கையைச் சுருட்டி மேல்கை முழுதும் தெரியக் காட்டுங்கள்.)

அமெரிக்கர் இதற்கு ஒரு வழி கண்டனர். 1986இல் சட்டம் இயற்றி, 1988 முதல் ஈட்டுத்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தலாயினர். ஊசி தடுக்கும் நோய் ஒன்றுக்கு முக்கால் டாலர் வீதம் வரி தண்டி நிதி திரட்டினர். வழக்குத் தொடுப்பவர் எவருடைய குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2017இல் சிர்வாவும் பட்டியலில் ஏறியது. முன்பு அத்தோளில் வலியில்லை, 48 மணி நேரத்துள் வலி வந்தது, வேறு காரணமில்லை, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது என்று காட்டினால் போதும். மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நேர்மையான வழக்காயின், தோற்றாலும் வக்கீல் கூலியை நிதியே கொடுக்கும்! வலிக்கும் துயருக்கும் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் இல்லை என்று அன்றே வரம்பு கட்டியது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

அங்கும் ஒரு பூசல் எழுந்தது. "கெடுதல் மருந்தினால் வரவில்லை, போட்ட கையினால் வந்தது, பொதுநிதி ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டு, சிர்வாவைப் பட்டியலிலிருந்து நீக்க 2021 ஜனவரியில் அரசு விதி வெளியிட்டது. ஏப்ரலில் புதிய ஆட்சி அதனைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதே முறை என்பேன். வரிசையில் நின்று கையை நீட்டியவன், ஊசி போடும் கையைத் தேர்ந்தெடுத்தானா? ஒரு விரற்கடை மேலே இறங்கியதை அவன் எவ்வாறு அளப்பான்?

நம் நாட்டில் அவன் அளந்தே ஆக வேண்டும். கொரோனா ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது? ஊசி அவரவர் விருப்பம், அரசு பொறுப்பன்று, சிவில் நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் மன்றத்துக்கோ போகலாம் என்றது. போனால், கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை வாதியின் தலைமேல். நுகர்வோர் மன்றத்துக்கோ இரண்டே ஆண்டுக் கெடு. அதிலும், எல்லாருக்கும் இலவசமாய் மருத்துவம் செய்யும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் அடங்காது என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவனுக்காவது அந்தக் கதவு உண்டு. அரசு முகாமில் இலவசமாய்ப் போட்டுக்கொண்ட கூலியாளுக்கு அதுவும் இல்லை. தோள் வலித்தால் கூலி போவது யாருக்கு?

ஈடு கொடுத்தால் மக்கள் அஞ்சி ஊசியே போட மாட்டார்கள் என்பர் சிலர். எனக்கு மறுதலையாகவே தோன்றுகிறது. கெட்டால் கைவிட மாட்டார்கள் என்று தெரிந்தவன்தான் துணிந்து கை நீட்டுவான்.

எல்லாத் தடுப்பூசிக்கும், தோளுக்கும் சேர்த்து, குற்றம் தேடாத ஈட்டுச் சட்டம் வேண்டும். இலவச ஊசிக்கு வரி தண்ட இயலாது. ஆகவே நிதியை அரசே தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டும். சட்டம் பயிலும் நம் தோழர்கள் அதற்கொரு முன்வரைவு எழுதி அடுத்த கூட்டத்தில் படிக்கட்டும்.