பாதத்துக்கு என்று ஒரு டாக்டர்!

திருக்காட்டுப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் சேற்றில் இறங்காத கால்கள் குறைவு. காவிரியும் குடமுருட்டியும் பாயும் ஊர். நாற்றுப் பறிப்பது, நடவு, களையெடுப்பு, அண்டை வெட்டுவது, மடை திறப்பது என்று எல்லாமே வெறுங்காலோடுதான். நத்தை ஓடு கிழிக்கும். கருவேல முள் ஏறும். மழைக்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு மறுநாள் காலையில் வயலுக்குப் போய்விடுவார்கள். பல தலைமுறைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது அதே கால்களுக்குள் சர்க்கரை புகுந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேர். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் கல்யாணப் பந்தியில் 14 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். (அந்த 14 பேரில் பாயசத்தை வேண்டாம் என்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு!)

சர்க்கரை காலில் செய்யும் முதல் வேலை, வலியைத் திருடுவதுதான். 'மதமதன்னு இருக்கு', 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு' என்பார்கள். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். அதன் பிறகு முள் குத்தினாலும் தெரியாது. அரசு மருத்துவமனைகளின் சர்ஜரி ஓ.பி-யில் இந்த உரையாடல் புதிதல்ல.

"எப்பங்கய்யா காயம் பட்டுச்சு?"

"தெரியலீங்க சார். பாய்ல ஈரமா இருக்குன்னு வீட்டுல சொன்னாங்க. அப்பதான் பார்த்தேன்."

"வலிக்கலையா?"

"வலியே இல்லீங்க. அதான் அறுப்பு முடியட்டும்னு விட்டுட்டேன்."

அறுப்பு முடிவதற்குள் விரல் கறுத்திருக்கும். வலி இல்லை என்று சொன்ன அந்த நிம்மதிதான் காலுக்கு எமன். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எடுக்கப்படும் சம்பவங்களில் 100-க்கு 80-க்கு மேல், முதலில் ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியிருக்கின்றன. அந்தப் புண்ணோடு வருபவரை முதலில் பார்ப்பது யார், அவருக்குப் பாதத்தைப் பற்றி யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அமெரிக்காவில் இதற்கென்றே 'பொடியாட்ரிஸ்ட்' என்று தனி டாக்டர் உண்டு. பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டும் 4 வருடப் படிப்பு. அது முடிந்ததும் போர்டு மாட்டிவிட முடியாது. மருத்துவமனையிலேயே கிடந்து 3 வருட ரெசிடென்சி முடிக்க வேண்டும். அங்கே கணக்கு கறார்: குறைந்தது 300 பாத அறுவைசிகிச்சைகளில் பங்கேற்றிருக்க வேண்டும், ஓ.பி-யில் குறைந்தது 1,000 முறை நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். நடுவே பொது மருத்துவம், தொற்றுநோய், ரத்தக்குழாய், மயக்கவியல், அவசர சிகிச்சை என்று வார்டு வார்டாகச் சுற்றிவர வேண்டும். வெட்டுவதைவிட, எப்போது வெட்டக் கூடாது என்பதை இந்த 3 வருடங்கள் கற்றுக்கொடுக்கின்றன.

நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது அறுவைக்கு எம்.எஸ். உண்டு, எலும்புக்கு எம்.எஸ். உண்டு. பாதத்துக்கு என்று தனி முதுநிலைப் படிப்பு இல்லை. பெங்களூரு, கொச்சி போன்ற ஊர்களில் பாத அறுவைக்கென்றே தனித்துறை வைத்திருக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை ராயபுரத்தில் 1954-ல் பேராசிரியர் எம்.விஸ்வநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை பாதப் பராமரிப்பில் பெயர் பெற்றது. நாக்பூர் டாக்டர் சரத் பெண்ட்சே போன்றவர்கள் 2000-களில் 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற திட்டத்தில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்று ஜோடி ஜோடியாகப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல யோசனை அது. டாக்டர் மட்டும் கற்றுக்கொண்டால், அவர் மாறுதலாகிப் போகும்போது வித்தையும் கூடவே பஸ் ஏறிவிடும்.

ஆனால், பெரும்பாலான ஊர்களில் கால் புண் என்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். எலும்பு சர்ஜன் 'இது சர்க்கரைப் புண்' என்பார். சர்க்கரை டாக்டர் 'இது சர்ஜரி கேஸ்' என்பார். ரத்தக்குழாய் நிபுணர் பெரிய நகரத்தில் இருப்பார். கடைசியில் அந்தக் கால் வந்து சேரும் இடம், சர்ஜரி வார்டில் இரவு டியூட்டி பார்க்கும் பி.ஜி. மாணவர். ஒரு பக்கம் குடல்வால் கேஸ், இன்னொரு பக்கம் பைக் விபத்து, நடுவே சீழ் பிடித்த கால். அவர் சீழை வெளியேற்றுகிறார், செத்த சதையை அகற்றுகிறார், கட்டுப்போடுகிறார். உயிர் போகும் நிலை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார். அதில் தவறில்லை, அந்த நேரத்தில் அதுதான் உயிரைக் காக்கும். ஆனால், கால் அந்த நிலைக்கு வராமலிருக்க ஆறு மாதத்துக்கு முன்பு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அந்த வார்டில் அவர் பார்க்கவே வாய்ப்பில்லை. அது ஓ.பி-யில், செருப்புக் கடையில், பிளாஸ்டர் அறையில் நடக்க வேண்டிய வேலை.

ஓர் உதாரணம். ஒருவருக்குப் பாதம் திடீரென்று வீங்கிச் சிவக்கிறது. தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு. புண் எதுவும் இல்லை, பெரிய வலியும் இல்லை. சீழ் கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கீறிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் அது 'சார்கோ' பாதமாக இருக்கலாம். உணர்வு போன காலில் எலும்புகள் தாமே நொறுங்கும் நிலை. 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் சார்கோவின் பெயர் அதற்கு. இதற்குக் கத்தி தேவையில்லை. உடனே பிளாஸ்டர் கட்டு போட்டு, பாரம் விழாமல் மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். விட்டுவிட்டால் பாதத்தின் வளைவு இடிந்து, அடிப்பக்கம் படகு மாதிரி வெளியே புடைத்துக்கொள்ளும். பிறகு புண்ணுக்கு என்ன பஞ்சம்? இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்த ரெசிடென்ட் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். பார்க்காதவருக்குப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்தான்.

இன்னொன்று, உள்ளங்கால் புண் ஆறாததற்கு மிகப் பெரிய காரணம், அதன் மேலேயே நடப்பது. எத்தனை விலை உயர்ந்த மருந்து போட்டாலும் தினமும் உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு ரூபாய் அகலத்தில் விழுந்தால் எப்படி ஆறும்? பாதத்தோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டு போட்டு, எடையைக் கால் முழுவதும் பரவச் செய்வதுதான் சிறந்த வைத்தியம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்.

இந்த வித்தை எங்கிருந்து போனது தெரியுமா? தொழுநோய்ப் புண்களுக்கு இப்படிப் பிளாஸ்டர் போட்டு நடக்கவைத்தவர்களில் முன்னோடி, 1930-களில் இலங்கையில் இருந்த அறுவை மருத்துவர் மில்ராய் பால். அதை வளர்த்தெடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே அதுவரை உலகம் நம்பியது. அவரும் அவருடைய குழுவினரும் கவனித்துப் பார்த்தார்கள். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், கிழித்துக்கொள்கிறார்கள், புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியவில்லை! காவலுக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்களாம். நம் ஊரில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்கிறோமே, அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பும் இந்த வேலூர் அனுபவத்தில் வந்ததுதான். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்துதான் இந்த அறிவு அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்குப் பரவியது.

தொழுநோயாளிக்கு வேலூர் கற்றுக்கொண்ட பாடத்தைச் சர்க்கரை நோயாளிக்காக அமெரிக்காவில் 3 வருடம் படிக்கிறார்கள். நம் பி.ஜி. மாணவரோ அதை ஏதாவது ஒரு கருத்தரங்கில் ஒரு மணி நேரம் கேட்கிறார்.

வழி இல்லாமல் இல்லை. 2021-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து, முதுநிலை படிப்பவர்கள் எல்லோரும் 3 மாதங்கள் மாவட்ட மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதில் 2 வாரங்களைப் பாத ஓ.பி-க்கு ஒதுக்கினால்கூடப் போதும். தேவையான கருவிகள் ஒன்றும் கோடி ரூபாய் சமாசாரம் இல்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. அதை உள்ளங்காலில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவர் 'தெரியுது' என்கிறாரா என்று பார்ப்பது. அதிர்வை உணர்கிறாரா என்று சோதிக்க ஒரு டியூனிங் ஃபோர்க். புண்ணுக்குள் விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய உலோகக் குச்சி. காலில் நாடித்துடிப்பு பார்க்க இரண்டு விரல்கள். தமிழ்நாடு அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இந்தச் சோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோக முனைகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. கண்டுபிடித்த காலை அனுப்பிவைத்தால், அங்கே அதை மீட்கத் தெரிந்த கைகள் இருக்க வேண்டும். மீதமிருப்பது அந்தப் பயிற்சிதான்.

அதுவரை? வயலில் கம்பூட்ஸ் போடுங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம். உழுத சேற்றில் கம்பூட்ஸோடு நாலு எட்டு வைத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கால் வரும், பூட்ஸ் வராது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை ஒருமுறை பார்ப்பதுதான் நடக்கக்கூடிய காரியம். குனிய முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடி போதும். பேரப்பிள்ளைகள் இருந்தால் கண்ணாடியும் வேண்டாம். செருப்புக்குள் கல் கிடக்கிறதா என்று தட்டிவிட்டுப் போடலாம். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரம் சுற்றுபவர்கள், பூண்டி மாதாவுக்கு நடந்து போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உணர்வு இல்லாத காலுக்குக் கொதிக்கும் கருங்கல்லும் குளிர்ந்த தரையும் ஒன்றுதான். கால் ஆணியை பிளேடால் சீவுவது வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை ஓ.பி-க்குப் போகும்போது ஒரு காரியம் செய்யலாம். நோட்டை நீட்டி மாத்திரை வாங்கும் அவசரத்தில் டாக்டரும் பார்க்க மாட்டார், நாமும் காட்ட மாட்டோம். ஆகவே, நாற்காலியில் உட்காரும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு, "கால் கொஞ்சம் மதமதன்னு இருக்குங்க, பாருங்க" என்று சொல்லிவிட வேண்டும். கூட்டம் அதிகமாக இருந்தாலும், கழற்றிய காலைப் பார்க்காமல் அனுப்ப யாருக்கும் மனசு வராது.