ஒரு பாட்டோடு ஓய்ந்தவரா பில் பிலிப்ஸ்?

ரொக் இசையின் வரலாற்றை எழுதுவோர் கைவசம் ஒரு குப்பைக்கூடை இருக்கிறது. 'ஒற்றை வெற்றிப் பாடகர்' என்பது அதன் பெயர். ஒரேயொரு பாடலால் புகழ்பெற்றுப் பின்னர் வெளிச்சத்துக்கு வராமற் போனவர்களை அதற்குள் போட்டு மூடிவிடுவார்கள். இருந்த சரக்கு அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது என்பது அதன் உட்கிடை. இந்தப் பழியைப் பில் பிலிப்ஸ் மீது சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெயரை அறியாத வாசகர்களும் அவருடைய பாடலை அறிந்திருக்கக்கூடும். 1959 இல் வெளிவந்த 'சீ ஒஃப் லவ்' அது. பிலிப் பப்ரிஸ்ட் என்பது அவரது இயற்பெயர். ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ள்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில் விருந்தினரின் பெட்டிகளைச் சுமக்கும் பணியாளராக இருந்த கறுப்பினத்தவர். தான் விரும்பிய பெண்ணுக்காக அவரே புனைந்த பாடல் இது. இரண்டரை நிமிடத்துக்கும் குறைவானது. பின்னணிக் குரல்கள் அலை போல் எழுந்து தாழ, அவசரமேயில்லாமல் அவர் பாடுகிறார். தென் லூசியானாவின் அந்த மந்தமான, ஈரமான இசைக்குப் பின்னாளில் 'ஸ்வாம்ப் பொப்' என்று பெயர் வைத்தார்கள். சதுப்புநில இசை என்று சொல்லலாம்; பொருத்தமான பெயர்தான்.

உள்ளூர் இசைத்தட்டு வணிகரான ஜோர்ஜ் கௌரி, எடி ஷுலரின் கோல்ட்பாண்ட் கூடத்தில் அதனை ஒலிப்பதிவு செய்வித்தார். (டொலி பார்ட்டன் என்ற சிறுமியின் முதல் இசைத்தட்டும் அதே 1959 இல் கோல்ட்பாண்டிலிருந்துதான் வெளிவந்தது.) பின்னர் மேர்குரி என்ற பெரிய நிறுவனம் பாடலை எடுத்துக்கொண்டது. கறுப்பின இசைக்கான பில்போர்ட் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் இரண்டாமிடம், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட விற்பனை. பாடலாசிரியர் என்ற இடத்தில் மட்டும் பிலிப்ஸின் பெயருடன் கௌரியின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பாடலைப் பாடியதற்காகத் தன் கைக்கு வந்தது 6,800 டொலர் மட்டுமே என்று பிலிப்ஸ் சொல்லிவந்தார். அத்துடன் கணக்கு முடிந்தது என்பதை ஏற்க மறுத்துக் குரல் எழுப்பியதாலேயே, ஏற்கெனவே பாடி முடித்திருந்த முழு இசைத்தொகுப்பு வெளியிடப்படாமற் போனது என்பதும் அவர் கூற்று. அவர் சொன்னது உண்மையானால், இங்கே வற்றிப்போனது திறமையல்ல. பாடியவற்றைக் கேட்கவே வழியில்லாமற் செய்துவிட்டு, 'இவரிடம் வேறு பாட்டு இல்லை' என்று எழுதுவது என்ன நியாயம்?

பாடலை எவரும் மறக்கவில்லை என்பதுதான் இதில் விசித்திரம். அதே 1959 இல் பிரித்தானியாவில் மார்ட்டி வைல்ட் பாடி மூன்றாமிடம் பெற்றார். 1981 இல் டெல் ஷனன் பாடினார். 1984 இல் லெட் செப்பலின் புகழ் ரொபேர்ட் பிளாண்ட் தம் ஹனிட்ரிப்பர்ஸ் குழுவுடன் பாடியது அமெரிக்காவில் மூன்றாமிடம் வரை சென்றது. 2000 இல் கற் பவர் பாடியதை 2007 இல் 'ஜூனோ' திரைப்படம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பாடல் 'மீண்டும் கண்டெடுக்கப்பட்டது' என்று பூரித்துப்போனார்கள். அது எப்போது தொலைந்தது? தொலைந்தவர் பாடகர் அல்லவா?

கண்டெடுத்தவர்களால் அவருக்குக் கிடைத்தது என்ன என்று பார்ப்போம். வேறொருவர் பாடினால் பாடலாசிரியருக்கும் பதிப்பாளருக்கும் பங்குண்டு. முதலிற் பாடியவருக்கு எதுவுமில்லை. ஆசிரியர் பங்கிலும் பாதிதான் பிலிப்ஸுக்கு. அமெரிக்காவின் சாதாரண வானொலிகள் பழைய இசைத்தட்டைச் சுழற்றினாலும் பாடலாசிரியருக்குப் பணம் போகும், பாடகருக்குப் போகாது. அந்நாட்டுச் சட்டம் இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. பிலிப்ஸ் பின்னர் லூசியானாவின் ஜெனிங்ஸ் நகரில் வானொலி அறிவிப்பாளரானார். தன் பாட்டைத் தானே ஒலிபரப்பினாலும் தன் குரலுக்கு ஒரு சதமும் வராத நிலை. எந்த நாடகாசிரியரும் இப்படியொரு காட்சியை எழுதத் துணியமாட்டார்.

இதில் எனக்கும் பங்குண்டு. 1989 இல் வெளிவந்த, அல் பசினோ நடித்த திரைப்படத்துக்குப் பெயரே 'சீ ஒஃப் லவ்'. கொலை நடந்த அறையில் அந்தப் பழைய இசைத்தட்டுச் சுழல்வதுதான் பொலிஸாருக்கு முதல் தடயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீடியோ நாடாவில் அதனைப் பார்த்துவிட்டுப் பத்திரிகை ஒன்றின் வாரப் பதிப்பில் அரைப்பக்கம் எழுதினேன். பசினோவின் கண்களைப் பற்றி ஒரு பந்தி. இறுதியில் அதே பாடலைப் பாடும் ரொம் வெயிட்ஸின் கரகரத்த குரலைப் பற்றி இன்னொரு பந்தி. கதைக்கே அச்சாணியான அந்த இசைத்தட்டில் பாடுபவர் யார் என்று தேடவில்லை. ஆசிரியபீடத்திலும் எவரும் கேட்கவில்லை. 'ஒரு பழைய பாடல்' என்று எழுதியிருந்தேன்.

2007 இல் லூசியானா இசைப் புகழ் மண்டபத்தில் பிலிப்ஸின் பெயர் சேர்க்கப்பட்டது. அப்போது அவருக்கு 81 வயது. 2020 மார்ச் 14 இல், தமது 94 ஆவது பிறந்தநாளன்று காலமானார். அந்தச் செய்தியைப் படித்த பிறகே பழைய நறுக்கைத் தேடி எடுத்தேன். அந்த மூன்று சொற்களையும் பேனாவால் வெட்டிவிட்டு, ஓரத்தில் அவருடைய பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.