எங்க பாத்தி வியூ பாயிண்ட் இல்லீங்க

கொடைக்கானல் வர்றவங்க ஏரியில படகு ஓட்டி, குதிரை ஏறி, தூண் பாறையில மேகத்தைப் பார்த்துட்டு பூம்பாறைக்கும் வந்துடுறாங்க. தாராளமா வரட்டும். படிப்படியா இருக்குற வயலை ரோட்டுல நின்னு பார்த்தா போதாதா? போன ஞாயித்துக்கிழமை செல்ஃபி எடுக்க என் பாத்திக்குள்ள இறங்கினவரைக் கேட்டா, "புல்லுதானே"ங்கிறார். புல்லு இல்லீங்க, பூண்டு! 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு. வரப்பை மிதிச்சா ஓரம் சரியும். அடுத்த மழைக்கு மேல் மண்ணு கீழ்ப் பாத்தியை மூடிடும். அதைக் கட்ட ஆள் கூலி யார் தர்றது? 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் இருக்கு. அது வண்டிக்குத்தான், வரப்புக்கு இல்ல. பூண்டு பார்க்கணும்னா வீட்டுக்கு வாங்க. புகை போட்டுக் கட்டி வச்சிருக்கேன். அடிச்சுப் பேசாம ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போங்க.