மனச்சோர்வும் மூளையின் இரசாயனமும்

குடிகாட்டில் வாழும் நமக்கு இரசாயனம் என்றவுடன் சிப்காட் ஆலைகளின் நெடிதான் நினைவுக்கு வரும். நம் தலைக்குள்ளும் ஓர் இரசாயன ஆலை ஓயாது இயங்குவதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

வாரக்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒரு பெண் முடங்கிக் கிடந்தால் "சோம்பேறி" என்று ஏசுகிறோம். அல்லது வேப்பிலை அடிக்க அழைத்துச் செல்கிறோம். இது நியாயமா?

நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தியின் வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்காக அதை உட்கொண்டோரில் சிலர் கடுந்துயரில் ஆழ்வதை மருத்துவர்கள் கண்டனர். மூளையில் சேமிப்பிலுள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றை அது தீர்த்துவிடுகிறது என்பதும் தெரிய வந்தது. துயர நோய்க்கு உடலிலும் வேருண்டு என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

ஆனால், செரட்டோனின் குறைவே சோர்வு என்று ஒரே வரியில் முடித்துவிடலாகாது. மாத்திரை சில மணி நேரத்திலேயே மூளையில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. 2022-இல் இலண்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அக்கருத்துக்கு உறுதியான சான்றில்லை என்றனர். இதைக் கேட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு லித்தியம் என்ற உப்பு உதவுவதும் எவ்வாறென முழுதாக விளங்கவில்லை. ஆயினும் பலர் அதனால்தான் நடமாடுகின்றனர்!

வறுமையும் இழப்பும் குடிகாரக் கணவனின் அடியும்கூட மூளையைத் தாக்குகின்றன. எனவே ஆறுதலும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம், எண் 14416. எரிவாயுக்காரரின் எண்ணைச் சுவரில் எழுதி வைக்கும் நாம், இதை எழுத ஏன் கூசுகிறோம்?