உறங்கும் க்ஷயமும் மூட்டுவாத ஊசியும்

நாட்றம்பள்ளி முதல் ஆம்பூர் வரையில் ஜோடுத் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் ஸ்திரீகள் அநேகர். இவர்களுடைய மூலதனம் பத்து விரல்கள். அவ்விரல்களை முடக்குவாதம் பற்றினால் கூலி நின்றுபோம். இந்நோயோ ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிப்பது. மாத்திரைக்கு அடங்காத வாதத்தைத் தணிக்கும் புது ஊசிகள் வந்திருப்பதை ஆகையால் நாம் மனமுவந்து வரவேற்கிறோம். 2014 டிஸம்பரில் நம் நாட்டுக் கம்பெனியொன்று அடலிமுமாப் என்னும் மருந்தைச் சுதேசத்திலேயே செய்து, அமெரிக்க விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு விற்க முன்வந்தது. பெருமைப்படத்தக்க காரியமே. ஆனால் ஊசி சிற்றூருக்கு வரும்போது அதனுடன் வர வேண்டிய எச்சரிக்கையும் வந்து சேர வேண்டாமா?

க்ஷயக் கிருமி உட்புகுந்த எல்லோரையும் உடனே வீழ்த்துவதில்லை. தேகத்தின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து மதில் எழுப்பிச் சிறை வைக்கின்றன. அம்மதில் இடியாமல் காப்பதில் டி.என்.எப். என்னும் சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மூட்டை வீங்கச் செய்வதும் அதே சத்துதான். ஊசி அதை அடக்குகிறது, வீக்கம் வடிகிறது, மதிலும் தளர்கிறது. இவ்வினத்தைச் சேர்ந்த இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை ஏற்றிக்கொண்ட 70 பேருக்கு க்ஷயம் கண்ட விவரம் 2001-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவர்களில் 48 பேருக்கு மருந்தை மூன்று முறைக்கு மேல் ஏற்றும் முன்னரே நோய் வெளிப்பட்டது. 40 பேருக்கு அது நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. இருமல் இல்லையென்று வைத்தியரே ஏமாறக்கூடும். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் க்ஷயம் அருகிப்போன தேசத்தார். நம் தேசத்திலோ, 2019 முதல் 2021 வரை நடந்த கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவரில் 100-க்கு 31 பேரிடம் இக்கிருமி உறங்குகிறது.

ஊசி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முதல் ஊசிக்கு முன் மார்புப் படம் எடுக்க வேண்டும். தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்ய வேண்டும். கிருமி உறங்குவதாகத் தெரிந்தால், தினம் ஐஸோநயாஸிட் 6 மாதம், அல்லது வாரம் ஒரு முறை இரு மருந்துகள் 12 வாரம் கொடுப்பது முறை. அதில் ஒரு மாதமேனும் கழிந்த பிறகே ஊசி. க்ஷயமே கண்டிருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டுதான் மற்றது. பரிசோதனையும் பொய்ப்பதுண்டு. வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவரிடம் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். வீட்டில் யாருக்கேனும் க்ஷயம் இருந்ததா என்று கேட்டால், பெண்ணின் விவாகம் தடைப்படுமென்று அஞ்சி வாய் திறவாதவர் எத்தனை பேர்! அன்பாய்த் தனியே அழைத்துக் கேட்கும் வைத்தியருக்கே உண்மை கிடைக்கும்.

வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு க்ஷயத்தைத் தீர்க்கலாம் என்று 1959-இல் உலகுக்கு நிரூபித்தது சென்னையில் 1956-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம். அப்பேர்ப்பட்ட மாகாணத்தில் அறியாமையைச் சாக்குச் சொல்ல யாருக்கும் பாத்தியதை இல்லை. இவ்வூசி போட்டுக்கொள்வோரைச் சோதித்துத் தடுப்பு மருந்து தர வேண்டுமென்று இந்திய சர்க்காரே 2021-இல் விதி வகுத்திருக்கிறது. ஏட்டிலுள்ள விதி தாலுகா ஆஸ்பத்திரி மேஜைக்கு வர வேண்டும். வேலூருக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்கும் பெண்ணிடம், பரிசோதனைக்கும் கைப்பணம் கொண்டுவா என்பது நியாயமல்ல.

ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. மாதந்தோறும் ஈ.எஸ்.ஐ.க்குச் சந்தா பிடிக்கிறார்கள் அல்லவா? இப்பரிசோதனையை இலவசமாய்ச் செய்து, முடிவைத் தொழிலாளியின் கைச்சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி அடுத்த மகாஜரில் கேளுங்கள். திருப்பத்தூர் ஜில்லா கலெக்டருக்கும் அதன் நகல் ஒன்று போகட்டும்.